உச்சாணி மறுபடி ஏறினாள்

கட்டுமானத் தளங்களில் கிரேன் ஓட்டும் பெண்கள் அபூர்வம். இரட்டைக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த அந்தத் தளத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். காலையில் ஹெல்மெட்டைத் தலையில் அழுத்திக்கொண்டு அவள் இரும்பு ஏணியில் ஏற ஆரம்பித்தால், கீழே நின்று பார்க்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும்வரை ஏறிக்கொண்டே இருப்பாள். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறக்கம். "உச்சாணிக் கொம்புல ஏறி உக்காந்துட்டாங்க மகாராணி" என்று கம்பி கட்டுகிறவர் ஒருவர் விளையாட்டாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவள் பெயர் உச்சாணி. வீட்டில் சண்டை வந்தால் புருஷன்கூட, "உச்சாணி மேடம் கொஞ்சம் கீழ இறங்கி வந்து பேசறீங்களா?" என்பார்.

அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. உயரமும் பிடித்திருந்தது. கூண்டில் காலடியிலும் கண்ணாடிதான். பாதங்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் லாரிகள் தீப்பெட்டிகளாகவும் மனிதர்கள் மஞ்சள் புள்ளிகளாகவும் தெரிவார்கள். இரண்டு கைப்பக்கமும் இரண்டு நெம்புகோல்கள். மாடி உயரக் கான்கிரீட் சுவரையே தட்டில் முட்டை வைக்கிற பதத்தோடு இறக்கி வைப்பாள். கீழே நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்பவருக்கு ஓய்வு பெறும் வயசு நெருங்கிக்கொண்டிருந்தது. தளத்தில் எல்லோருக்கும் அவர் சிக்னல் மாமா. "இவளுக்கு நான் பாதி வாக்கியம் சொன்னா போதும், மீதியை அவளே முடிச்சுடுவா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

கூண்டில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் ஒரு பாட்டில் வைத்துச் சமாளிப்பார்கள். அவளுக்கு அந்த வழியும் இல்லை. ஆனாலும் பல வருஷங்கள் அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. உடம்பு சொன்னபடி கேட்டது.

பிறகு கேட்காமல் போனது. மகளைப் பெற்றெடுத்தபோது பிரசவம் கடுமையாக இருந்தது. உள்ளே எங்கோ நரம்பும் தசையும் அடிபட்டிருக்க வேண்டும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். அப்போது வெளியே தெரியாதது, மகள் பள்ளியில் மேல்வகுப்புக்குப் போன சமயத்தில் தலைகாட்டியது. திடீரென்று முட்டும். முட்டினால் முட்டினதுதான், அவகாசமே தராது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் போதும், ஓட வேண்டும். கொஞ்ச நாளில் ஒண்ணுக்கு மட்டும் என்றிருந்தது ரெண்டுக்கும் என்றானது. அது வருவதே தெரியாது, தெரியும்போது வந்திருக்கும்.

யாரிடம் சொல்வது? காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். டீயை நிறுத்தினாள். கறுப்புப் பேன்ட் தவிர வேறு போடுவதில்லை. பையில் மாற்றுத் துணியும் பேடும் எப்போதும் இருந்தன. எந்தக் கடைக்குள் கழிப்பறை இருக்கிறது, எந்தப் பேருந்து நிலையத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் மனப்பாடம். புருஷனிடம்கூட "சூட்டு உடம்பு" என்று சொல்லி மழுப்பினாள். அவர் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவர். சூடு என்றால் என்னவென்று தனக்குத் தெரியாதா என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அப்புறம் அந்த நாள் வந்தது. ஒரு சுவர்ப் பலகை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே அதைப் பொருத்த நின்றவர்கள் கொடுத்திருந்த முட்டுக்கட்டை ஒன்று நழுவிவிட, "அப்படியே பிடி, அசையாதே" என்றார் சிக்னல் மாமா. அவள் பிடித்தாள். கீழே ஆட்கள். கையை எடுக்க முடியாது, எழுந்திருக்கவும் முடியாது. முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்தாள். கண்ணில் நீர் வந்தது. அதற்கு மேல் உடம்பு அவளைக் கேட்கவில்லை. ஒண்ணும் ரெண்டும் சேர்ந்தே போயிற்று. கை மட்டும் ஆடவில்லை. பலகையை அதன் இடத்தில் வைத்துக் கொக்கியைக் கழற்றும்வரை அவள் குரலில்கூட ஒன்றும் தெரியவில்லை.

இருந்த துணியால் இருக்கையைத் துடைத்தாள். எல்லோரும் போனபிறகு இறங்கினாள். ஆனால் மறுநாள் காலை அவளுக்கு முன்னால் கூண்டில் ஏறியது மாற்று ஆபரேட்டர். அவனுக்குப் பெயர் பாட்டுக்காரன். வாக்கியில் யாரும் பேசாத நேரமெல்லாம் பாட்டு முனகிக்கொண்டே இருப்பான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. வாய்தான் அடங்காது. இறங்கி வந்தவன் டீக்கடையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு எழுத்தைத் தூக்கினான். "உச்சாணி இல்லைப்பா, நம்ம அக்கா இனிமே உச்சா!"

சிரிப்பு அலை மாதிரி பரவியது. அவள் காதுபடவே யாரோ சொன்னார்கள். அன்றைக்கே தள மேலாளரிடம் போய் நின்றாள். "சார், எனக்குத் தலை சுத்துது. கீழ ஏதாவது வேலை குடுங்க" என்றாள். அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு சாமான் அறையில் போட்டார். கையுறை, ஹெல்மெட், இடுப்புக் கயிறு எடுத்துக் கொடுக்கிற வேலை. கழிப்பறை பக்கத்துக் கதவுதான். அதற்காகத்தான் அந்த வேலை என்பது எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. சிக்னல் மாமா மட்டும் அடிக்கடி வந்து, தேவையே இல்லாமல் ஒரு ஜோடி கையுறை வாங்கிக்கொண்டு போவார். "அந்தப் பாட்டுக்காரன்கிட்ட முழு வாக்கியம் சொன்னாலும் பாதிதான் நடக்குது" என்று புலம்புவார்.

அந்த அறையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. யாருக்கும் தெரியாமல் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தாள். வாய்தான் மணலாகக் காய்ந்தது. பயிற்சிகள் செய்தாள், கொஞ்சம் தேறியது, போதவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் மெத்தை வைத்த இருக்கையில் உட்கார மாட்டாள். மகள் பள்ளி மேடையில் நாடகத்தில் நடித்தபோது கதவோரம் நின்றுதான் பார்த்தாள். நாடகத்தின் முக்கியமான கட்டத்தில் ஓட வேண்டி வந்தது. "நீ பாத்தியாம்மா, நான் அழுத இடத்தை?" என்று மகள் கேட்டபோது, "பாத்தேனே" என்று பொய் சொன்னாள். அந்தப் பொய்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது அவள் நாத்தனார். புருஷனுடைய தங்கை, பெண்களுக்கான முடி அலங்காரக் கடை வைத்திருந்தாள். அவள் வாய்க்கு முன்னால் வானொலி தோற்கும். ஒருநாள் அண்ணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவும் நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

"வேண்டாம், நான் நிக்கறேன்."

"நின்னுக்கிட்டே தலை கழுவ நீங்க என்ன குதிரையா? உக்காருங்க அண்ணி."

குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் உச்சாணி பின்கதவு வழியே ஓடினாள். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. கடையில் வேறு யாரும் இல்லை. நாத்தனார் குழாயை மூடினாள், கடைக் கதவையும் மூடினாள். அவள் பேசாமல் இருந்து உச்சாணி பார்த்ததே இல்லை; அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் பேச்சு மடை திறந்துகொண்டது.

"இத்தனை வருஷமா என்கிட்ட மறைச்சீங்களா? உங்க அருமைப் புருஷன் எனக்கு அண்ணன்தானே, அவரு மண்டையில ரெண்டு போட்டிருப்பேனே, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாததுக்கு! கேளுங்க. என்கிட்ட முடி வெட்டிக்க வர்ற கணக்கு டீச்சர் ஒருத்தங்க. பாடம் நடத்தும்போது பாதியில ஓடுவாங்களாம். இப்போ இடுப்புல பேட்டரி வெச்சிருக்காங்க. சின்னதா. தீப்பெட்டி மாதிரி. சட்டமா நின்னு பாடம் நடத்தறாங்க."

"பேட்டரியா? நான் என்ன டார்ச் லைட்டா?"

"லைட்டோ ஹார்னோ, நாளைக்கு நாம போறோம்."

அன்று மாலை புருஷனுக்கும் எல்லாம் தெரிந்தது. மாவு ஒட்டிய கையாலேயே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சூட்டு உடம்புன்னு சொன்னதை நம்பிட்டேனே, எவ்வளவு பெரிய மடையன் நான்" என்றார். அவள், "மடையன்னு எனக்கு முன்னாடியே தெரியும், அதுக்காகவா இப்ப அழறீங்க?" என்றாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

டாக்டர் அம்மா பொறுமையானவர். சில பரிசோதனைகள் செய்தார். பழைய மாத்திரைகளையும் பயிற்சிகளையும் பற்றி விசாரித்தார். பிறகு பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றை மேசையில் வைத்து, அதன் வால்முனையைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கேருந்து கிளம்பற நரம்புதான் மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் மூளைக்கும் நடுவுல சேதி கொண்டுபோகுது. மூளையும் மூத்திரப்பையும் புருஷன் பெண்டாட்டி மாதிரின்னு வெச்சுக்குங்க. நடுவுல சேதி சொல்றவங்க தப்புத் தப்பா சொன்னா வீடு ரணகளம்தான்."

"நடுவுல இருக்கிறது நாத்தனாரா டாக்டர்?" என்றாள் நாத்தனாரே. டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அந்த நரம்புக்குப் பக்கத்துல மெல்லிசா ஒரு கம்பி வைப்போம். அது லேசா மின்சாரம் குடுத்து நரம்பைத் தட்டிக்கிட்டே இருக்கும். சேதி ஒழுங்காப் போகும். எடுத்ததும் முழுசா வைக்க மாட்டோம். முதல்ல வெளிய ஒரு பெட்டியோட சோதனை. நல்லா பலன் தெரிஞ்சாத்தான் நிரந்தரமா உள்ள பேட்டரி. எல்லாருக்கும் வேலை செய்யும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். வேலை செஞ்சாலும் இது நோயை வேரோட எடுக்காது, அடக்கி வைக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "சரியாச்சுன்னா என்ன செய்யணும்னு ஆசை?"

உச்சாணி யோசிக்கவே இல்லை. "மேல ஏறணும்."

"மேலேன்னா?"

"கிரேன் டாக்டர். நான் கிரேன் ஓட்டறவ."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை நன்றாக ஒருமுறை பார்த்தார். "அப்போ கம்பியை ரொம்ப கவனமா வைக்கணும்" என்றார்.

சோதனை நாளில் குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போகிற ஊசி போட்டு, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி கம்பியை நுழைத்தார்கள். "இப்ப எங்க தெரியுது?" என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்லக் கூச்சமாக இருந்தது. உட்காரும் இடத்துக்கு உள்ளே யாரோ விரல் நுனியால் டொக்கு டொக்கு என்று தட்டுவதுபோல் இருந்தது. "கால் கட்டை விரல் ஆடுது, பார்த்தீங்களா? நரம்பு பதில் சொல்லுது" என்றார் டாக்டர். அவளால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் தன் உடம்பின் அந்த மூலையிலிருந்து இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு நல்ல சேதி வருகிறது என்பது புரிந்தது.

முதுகில் ஒட்டுப் போட்டு, கம்பியை வெளியே கொண்டுவந்து இடுப்புப் பட்டையில் ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு நாள் ஏமாற்றம். தட்டல் காலுக்கு இறங்கிக் கெண்டைக்கால் துடித்ததே தவிர வேறொன்றும் மாறவில்லை. மூன்றாம் நாள் காலையில் படுக்கையே நனைந்துவிட்டது. "எனக்கு இது குடுத்து வெக்கல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாத்தனார் அவளைப் பேசவிடாமல் நர்ஸுக்குப் போன் போட்டாள். நர்ஸ் வரச்சொல்லி, பெட்டியில் வேறொரு அமைப்புக்கு மாற்றினாள். தட்டல் காலை விட்டு நடுவுக்கு வந்தது. "அவசரம் வந்தா ஓடாதீங்கக்கா. ஓடினா அது ஜெயிச்சுடும். நின்னு, ரெண்டு பாதத்தையும் ஊனி, அடியில டக்கு டக்குன்னு இறுக்கி இறுக்கி விடுங்க. மனசை வேற பக்கம் திருப்புங்க. அலை அடங்கினதும் மெதுவா நடந்து போங்க" என்றும் சொல்லிக் கொடுத்தாள்.

அதற்கடுத்த நாள் புருஷனோடு கடைக்குப் போய்த் திரும்பினாள். வீட்டு வாசல் அவளுக்குப் பரம எதிரி. சாவி பூட்டில் நுழைகிற சத்தம் கேட்டாலே உள்ளே அணை உடையும்; கதவு திறப்பதற்குள் வாசலில் ஒரு நாட்டியமே ஆடி முடிப்பாள். அன்றைக்கென்று பார்த்து அவருக்குச் சாவி கிடைக்கவில்லை. இந்தப் பையில் துழாவினார், அந்தப் பையில் துழாவினார், வியர்த்தார்.

"இருக்கு, இருக்கு, இதோ வந்துட்டேன், பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ..."

"எதைப் பொறுத்துக்கணும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கையில் பையோடு, எதிர்வீட்டு மதில்மேல் படுத்திருந்த பூனையைப் பார்த்துக்கொண்டு நிதானமாக நின்றிருந்தாள். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. அணை உடையவில்லை. இருப்பது தெரிகிறது, ஆனால் கத்தவில்லை.

"ஏம்மா, உனக்கு..." என்றார் அவர்.

"நீங்க மெதுவாத் தேடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை" என்றாள். அந்த மனிதர் தக்காளிப் பையைக் கீழே போட்டுவிட்டு நடுத்தெருவில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தக்காளி உருண்டு ஓடியது. சாவி கடைசியில் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

சோதனை முடிந்தபோது நாளுக்குப் பலமுறை நடந்த விபத்து அநேகமாக நின்றிருந்தது. டாக்டர் நிரந்தரப் பேட்டரியை இடுப்புக்குக் கீழே, தசை திரண்ட பக்கத்தில் தோலுக்கு அடியில் வைத்தார். புண் ஆறும்வரை குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று கட்டளை. நாத்தனார் வந்து வீட்டை எடுத்துக்கொண்டாள். அண்ணி ஒரு குடத்தைத் தொட்டாலும் போலீஸ் மாதிரி விசில் அடித்தாள். உச்சாணி கையடக்க ரிமோட்டில் தட்டலைக் கூட்டவும் குறைக்கவும் கற்றுக்கொண்டாள். "வீட்டுல ரிமோட்டுக்கு ஏற்கெனவே சண்டை. இப்ப இன்னொண்ணா?" என்றார் புருஷன். பெரிய கடைகளின் வாசலில் திருட்டைக் கண்டுபிடிக்க நிற்கும் கம்பங்களுக்கு நடுவே போனால் சுருக்கென்று ஒரு உதை கிடைத்தது; அங்கே ஒதுங்கி நடக்கப் பழகினாள். வெல்டிங் வேலை நடக்கும் இடத்தில் நெருங்கி நிற்கக்கூடாது என்பதையும் டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். எப்போதாவது ஒரு சொட்டு ஏமாற்றும். அதற்கு இப்போது அவள் அழுவதில்லை.

மகளின் அடுத்த நாடகத்துக்கு நடு வரிசையின் நடு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். இரு பக்கமும் ஆட்கள், எழுந்து போக வழியே இல்லாத இடம். மகள் மேடையில் அழுத இடத்தில் இவளும் அழுதாள். பக்கத்தில் இருந்த அம்மாள் கைக்குட்டை கொடுத்து, "காமெடி நாடகம்தானேம்மா இது?" என்று ஆச்சரியப்பட்டாள்.

அதன் பிறகுதான் தள மேலாளரின் அறைக்குப் போனாள்.

"சார், நான் மறுபடி ஏறறேன்."

தலை சுற்றல் கதையை அவர் எப்போதோ நம்பாமல் விட்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே சொன்னாள். ஒண்ணு, ரெண்டு, கம்பி, பேட்டரி. அவர் காது மடல் சிவந்தது. "இடுப்புல கரன்ட்டோட... மேல... கம்பெனி ஒத்துக்குமா?" என்றார். கம்பெனி டாக்டர் பார்த்தார். அவளுடைய டாக்டர் எழுதிக் கொடுத்தார். கிரேன் மோட்டார் கூண்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து உறுதி செய்தார்கள். கடைசியில், விடுமுறை நாளில் பாரமில்லாமல் ஒருமுறை ஏறி ஓட்டிக் காட்டட்டும் என்று முடிவானது. மேலாளருக்கும் அவசரம் இருந்தது. இரண்டு கோபுரங்களையும் உச்சியில் இணைக்கும் இரும்புப் பாலத்தை ஒரே துண்டாகத் தூக்க வேண்டும். ஒரு கிரேனால் முடியாது. இரண்டு கிரேன்கள் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். அதற்கு இரண்டு கை தேர்ந்த ஆட்கள் வேண்டும். அவரிடம் பாட்டுக்காரன் ஒருவன்தான் இருந்தான்.

அந்த விடுமுறை நாளில் ஏணியின் பாதியில் அவள் நின்றுவிட்டாள். இளைப்பாறும் தட்டில் காற்று முகத்தில் அடித்தது. அடிவயிற்றில் அது முட்டியது. பயம்தான் முட்டுகிறதா, நிஜமாகவே முட்டுகிறதா என்று தெரியவில்லை. கைகள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டன. இறங்கிவிடலாமா? கீழே சிக்னல் மாமா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாதங்களை ஊன்றினாள். இறுக்கி விட்டாள். உள்ளே அந்தச் சின்ன விரல் டொக்கு டொக்கு என்று தட்டிக்கொண்டிருந்தது. அலை எழுந்தது, நின்றது, இறங்கியது. அவள் ஏறினாள்.

கூண்டுக்குள் உட்கார்ந்து நெம்புகோல்களைத் தொட்டதும் கைகளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. "மாமா, கேக்குதா?" என்றாள்.

"கேக்குது தாயி" என்றார் அவர். அதற்குமேல் அவருக்கும் வாக்கியம் வரவில்லை.

பாலம் தூக்கும் நாளில் தெருவே தளத்து வேலிக்கு வெளியே திரண்டிருந்தது. புருஷன் ரொட்டிக் கடைக்கு லீவு போட்டுவிட்டு மகளோடு வந்திருந்தார். நாத்தனார் கடையைப் பூட்டிவிட்டு, முடி பாதி வெட்டிய வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு கிரேனில் உச்சாணி, மற்றதில் பாட்டுக்காரன். ஏறுவதற்கு முன்னால் அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், "வாங்கக்கா" என்று மட்டும் சொன்னான். அவளும் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து... மெதுவா... தூக்கு" என்றார் சிக்னல் மாமா.

பாலம் தரையை விட்டுக் கிளம்பியது. இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை வித்தியாசம் வந்தாலும் பாரம் ஒரு பக்கம் சாயும். அவள் அவன் கயிற்றைப் பார்த்தாள், அவன் அவள் கயிற்றைப் பார்த்தான். மாடி மாடியாகப் பாலம் ஏறியது. உச்சியில் இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே அது சரியாகப் போய் நின்றது. பொருத்துகிறவர்கள் போல்ட்டுகளைச் செருக ஆரம்பித்தார்கள்.

ஒரு பக்கம் போல்ட் ஏறியது. மறுபக்கம் துளை துளையோடு சேரவில்லை. தேய்த்துச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். "ரெண்டு கிரேனும் அப்படியே பிடிங்க. யாரும் அசையக்கூடாது" என்றார் மாமா. நேரம் ஓடியது. வெயில் கூண்டுக் கண்ணாடியில் இறங்கியது. உச்சாணியின் கைகள் நெம்புகோல்களில் பாறையாக இருந்தன. அடிவயிற்றில் இருப்பது தெரிந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றது வாக்கியில் பாட்டுக்காரனின் குரல்.

"ஆகும். பிடி."

கொஞ்சம் பொறுத்து, "மாமா, எவ்வளவு நேரம்?"

"அதான் சொன்னேனே!"

மூன்றாவது முறை அவன் கேட்டபோது குரல் மெலிந்து, நுனியில் நடுங்கியது. இந்த நேரத்தில் முனகிப் பாடிக்கொண்டிருக்க வேண்டியவன். அந்தக் குரலை உச்சாணி அறிவாள். வருஷக்கணக்கில் அவள் தொண்டையிலேயே குடியிருந்த குரல் அது. காலையில் பதற்றத்தில் டீ டீயாகக் குடித்துவிட்டு ஏறியிருப்பான். பாட்டில் காலடியில்தான் இருக்கும், ஆனால் ஒரு கையைக்கூட எடுக்க முடியாது. அவன் கை ஒரு இம்மி நடுங்கினால் பாலத்தின் மேலிருக்கும் ஆட்களின் கதி என்ன?

ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். தளம் முழுக்கக் கேட்கும். டீக்கடையில் மாசக்கணக்கில் ஓடும். அந்த நினைப்பு அவளுக்கு வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, ஒரு நிமிஷம் உட்கார்ந்தது, போய்விட்டது.

"தம்பி, நான் பேசறேன், கேளு" என்றாள் வாக்கியில், சாவதானமாக. "நெடுநேரம் பிடிச்சா கை நடுங்கும். அதுக்கு ஒரு வழி இருக்கு. ரெண்டு பாதத்தையும் தரையில நல்லா ஊனு. நேரா உக்காரு. இடுப்புக்குக் கீழ டக்கு டக்குன்னு இறுக்கி இறுக்கி விடு. ஓடணும்னு நினைக்காத. அலை மாதிரி வரும். வந்தா வரட்டும். அதுவே இறங்கிடும்."

வாக்கியில் அவன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"புரிஞ்சுதா?"

"...புரிஞ்சுதுக்கா."

"இப்ப ஏதாவது பாடு."

"அக்கா?"

"மனசு வேற பக்கம் போகணும். பாடு."

"என்னம்மா நடக்குது மேல? யோகா வகுப்பா?" என்றார் சிக்னல் மாமா குழப்பத்தோடு.

பாட்டுக்காரன் பாட ஆரம்பித்தான். முதலில் நடுங்கிய குரல் போகப் போக நேரானது. பாலத்தில் துளையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள். பாலம் இம்மியும் அசையவில்லை. கடைசியில், "ஏறிடுச்சு! போல்ட் ஏறிடுச்சு!" என்ற கூச்சல் வந்தது. கொக்கிகள் கழன்றன. தளம் முழுக்க ஹெல்மெட்டுகள் வானத்தில் பறந்தன.

முதலில் இறங்கியது பாட்டுக்காரன். கை கொடுக்க வந்த மேலாளரை இடித்துத் தள்ளிக்கொண்டு கழிப்பறையைப் பார்த்து ஓடினான். "என்னடா இவன், கைதட்டற நேரத்துல ஓடறான்?" என்றார் மாமா. "விடுங்க மாமா, ஏதாவது வேலை இருக்கும்" என்றாள் உச்சாணி ஏணியிலிருந்து இறங்கியபடி. அவள் மெதுவாக இறங்கினாள், மெதுவாக எல்லோரிடமும் கை குலுக்கினாள், பிறகு மெதுவாக நடந்து கழிப்பறைக்குப் போய் வந்தாள்.

அவன் வெளியே காத்துக்கொண்டிருந்தான். "அக்கா... அன்னிக்கு நான்... டீக்கடையில..." என்றான். கண்ணை நிமிர்த்தவில்லை.

"நல்லாத்தான் பாடற" என்றாள் அவள். "ஆனா மேல ஏறறதுக்கு முன்னாடி டீயைக் குறை."

வேலியைத் தாண்டிக்கொண்டு நாத்தனார் வந்துவிட்டாள். "எங்க அண்ணி! பாத்தீங்களா, எங்க அண்ணி!" என்று முன்பின் தெரியாதவர்களையெல்லாம் பிடித்து உலுக்கினாள். பாதி முடி வெட்டிய வாடிக்கையாளரும் சேர்ந்து கைதட்டினார். மகள் ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பேட்டரி இருக்கும் பக்கம் என்று ஞாபகம் வந்து சட்டென்று மறுபக்கம் மாறிக் கட்டிக்கொண்டாள்.

மேலாளர் கசங்கிய சட்டையை நீவிக்கொண்டே வந்தார். "அடுத்த மாசம் புதுத் தளம் ஆரம்பிக்குது. அங்கேயும் நீங்கதான் மெயின் கிரேன்."

"எவ்வளவு உயரம் சார்?"

"இதைப்போல ரெண்டு மடங்கு."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "என்னைப் பாக்காதம்மா" என்றார் அவர் இரண்டு கைகளையும் தூக்கி. "எனக்கு ரெண்டாவது மாடியிலேயே தலை சுத்தும். உன் உசரத்தை நீதான் சொல்லணும்."

"வர்றேன் சார்" என்றாள் உச்சாணி.